கணப்பு மரமும் கித்தாரும்

— இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவன்

முன்னுரை

சென்ற பருவத்தில் ஒரு நாள், எம் பேராசிரியர் நிலையலைகளைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். இரு முனைகளிலும் இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றைக் கரும்பலகையில் வரைந்தார். கணுக்களையும் எதிர்க்கணுக்களையும் குறித்தார். பிறகு, "இந்தக் கம்பியை மீட்டிக்கொண்டே வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சமன்பாட்டிற்குப் போய்விட்டார். வகுப்பில் இருந்த அறுபது பேரும் அச்செய்தியை மறந்திருக்கக் கூடும். என்னால் மறக்க முடியவில்லை.

காரணத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். அந்த வாரத்தில்தான் தேர்வு முடிவுகள் வெளிவந்திருந்தன. துணைப்பாடமாகிய கணிதத்தில் நான் தவறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். இங்கு வந்து ஆங்கில நூல்களின் முன் அமர்ந்தபோது, சொல்லுக்குப் பொருள் தேடுவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். "இது நமக்கு ஆகிற காரியமா? பேசாமல் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விடலாமா?" என்று ஒவ்வோர் இரவும் விடுதியில் படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த நிலையில்தான் பேராசிரியர் சொன்ன மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். நூலகத்திலும், கைப்பேசியிலும், அகராதியை மடியில் வைத்துக்கொண்டும் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றுள் நம் போன்ற மாணவர்க்குப் பயன்படுவன சிலவற்றை இக்கட்டுரையில் தொகுத்துரைக்க முற்படுகிறேன். ஓர் இசைக்கலைஞரின் வாழ்விலிருந்து மூன்று செய்திகளைக் காணப் போகிறோம். முதலாவது, படைப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது. இரண்டாவது, தன்னையே நம்பாத ஐயம் ஒருவரை என்ன செய்கிறது என்பது. மூன்றாவது, நன்றி என்பது எப்படிச் செலுத்தப்படுகிறது என்பது.

யார் இந்த பிரையன் மே?

பிரையன் மே 1947-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், இலண்டனை அடுத்த ஹாம்ப்டனில் பிறந்தவர். தந்தையார் ஹரால்டு மே அரசுப் பணியில் இருந்த வரைவாளர், மின்னணுவியல் அறிந்தவர். மகன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1968-இல் பட்டம் பெற்றார். 1970-இல் அதே கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அதே 1970-இல்தான் 'குயின்' என்னும் ராக் இசைக்குழுவும் உருவாயிற்று.

ராக் இசை என்றவுடன் நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்வோம். மின்சாரக் கித்தார், முரசு, ஓங்கிய குரல் ஆகியவை சேர்ந்த இசை அது. நம் காதுக்குப் பழகாதது. எனினும் குயின் குழுவின் நால்வரைப் பற்றி அறிந்தால் வியப்பே மிகும். பாடகர் பிரெடி மெர்குரி சான்சிபாரில் பிறந்த பார்சி இனத்தவர். இயற்பெயர் பரோக் புல்சாரா. பள்ளிப் படிப்பு நம் நாட்டின் பஞ்சகனியில். முரசு முழக்கிய ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்கத் தொடங்கிப் பின்னர் உயிரியல் பயின்றவர். 1971-இல் வந்து சேர்ந்த ஜான் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி. ஆக, மேடையில் நின்ற நால்வரில் மூவர் நம் போன்ற அறிவியல் மாணவர்களே.

எட்டுப் பவுண்டுக் கித்தார்

பிரையன் மே பதினாறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, கடைகளில் விற்ற மின்சாரக் கித்தாரை வாங்க அவர் வீட்டில் வசதி இல்லை. 1963-இல் தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு கித்தாரைத் தாங்களே செய்யத் தொடங்கினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்தனர். மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு.

அதன் கழுத்துப் பகுதிக்கு வேண்டிய மகோகனி மரம், ஒரு பழைய வீட்டின் கணப்பிலிருந்து கிடைத்தது. கணப்பு என்பது குளிர்நாட்டார் வீட்டிற்குள் தீ மூட்டிக் குளிர்காயும் இடம். அதைச் சுற்றி மரச்சட்டம் இருக்கும். நூறாண்டு கடந்த அந்தச் சட்டத்தில் புழு அரித்த துளைகள் இருந்தன. அத்துளைகளில் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். உடற்பகுதிக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம் உதவியது. கம்பியின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்கள் இரண்டு. அதை இயக்கும் கைப்பிடி, சைக்கிளில் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் அம்மா பின்னல் வேலைக்கு வைத்திருந்த ஊசியின் முனை. விரல் பதிக்கும் இடங்களை அடையாளங்காட்ட, அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. கம்பியின் அதிர்வை மின்துடிப்பாக மாற்றும் 'பிக்கப்' என்னும் காந்தச் சுருள்களையும் மகனே சுற்றிப் பார்த்தார். கம்பியை விரலால் வளைத்து இழுக்கும்போது அவற்றில் வேண்டாத ஓசை எழுந்தது. தம் கைவேலை என்பதற்காக அவற்றையே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கடையில் மூன்று பிக்கப்புகளை வாங்கினார். அவையும் கூச்சலிடாதிருக்க, உள்ளே அரால்டைட் பசையை ஊற்றிக் கெட்டிப்படுத்தினார்.

நம் பாடத்திற்கு நெருங்கிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. மூன்று பிக்கப்புகளுக்கும் தனித்தனியே இருவகைச் சாவிகளை அமைத்தார்கள். ஒன்று இயக்கவும் நிறுத்தவும். மற்றொன்று கட்டத்தைத் தலைகீழாக்க. ஒரே கம்பியின் அதிர்வை வெவ்வேறு இடங்களில் நின்று வாங்கும் இரண்டு சுருள்களை ஒரே கட்டத்தில் சேர்த்தால் சில மேற்சுரங்கள் வலுக்கும். எதிர்க்கட்டத்தில் சேர்த்தால் அடிச்சுரம் பெரிதும் அழிந்து மேற்சுரங்கள் மட்டும் கூர்மையாய் ஒலிக்கும். குறுக்கீட்டு விளைவு என்று நாம் ஆய்வகத்தில் ஒளியைக் கொண்டு காண்பதை, அவர் சாவியைத் தட்டிக் காதால் கேட்டார். அக்கித்தாரின் தனிக்குரலுக்கு இதுவும் ஒரு காரணம். 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் பெற்ற அந்தக் கித்தாரைத்தான் அவர் அறுபதாண்டுக்குப் பிறகும் மேடைகளில் வாசிக்கிறார். மீட்டுவதற்கும் வழக்கமான நெகிழித் துண்டை விடுத்து, விளிம்பில் வரிகள் உள்ள ஆறு பென்னி நாணயத்தையே கையில் பிடிக்கிறார்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது இதை என் தந்தையிடம் கூறினேன். என் தந்தை தச்சர். நிலையும் கதவும் செய்பவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கித்தார் என்றால் என்னவென்று கைப்பேசியில் படம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி மரத்தை மட்டும் பார்த்தார்.

"புழு தின்ன மரத்தையா எடுத்தாங்க?"

"ஆமாங்கப்பா. நூறு வருசத்துக்கு மேல ஆன மரம்."

"அப்பச் சரி சாமி. அத்தனை வருசம் தீப்பக்கத்துல காஞ்ச மரம் இனி முறுக்கிக்காது. புது மரமா இருந்தாத்தான் பயப்படோணும்" என்றார்.

இயற்பியல் நூல் எதிலும் நான் இதைப் படித்ததில்லை. ஈரம் வற்றாத மரம் காயும்போது ஒரு பக்கம் சுருங்கி வளையும். வளைந்த கழுத்தில் கம்பி சுருதி நிற்காது. ஹரால்டு மே அறிந்திருந்த ஒன்றை என் தந்தையும் அறிந்திருந்தார். அன்றைக்கு எனக்கு ஒன்று புலப்பட்டது. படைப்பு என்பது வெறும் வெற்றிடத்திலிருந்து தோன்றுவதன்று. கையில் கிடப்பது எதுவோ அதன் இயல்பை நன்கு அறிவதே அதன் முதற்படி.

பகா எண்களும் ஒரு பாட்டும்

1977-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டாபோர்டு நகரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில், குயின் குழுவினர் மேடையை விட்டு இறங்கிய பிறகும் மக்கள் கலையவில்லை. அனைவரும் சேர்ந்து தாங்களாகவே ஒரு பாட்டைப் பாடினர். வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போகும் கூட்டமாக இல்லாமல், தாங்களும் குழுவில் ஒருவராக விரும்புகிறார்கள் என்பதை மே உணர்ந்தார். நெருக்கி நிற்கும் ஒரு கூட்டம் கருவி எதுவும் இல்லாமல் என்ன செய்ய இயலும்? காலால் மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். இவ்வெண்ணத்திலிருந்து பிறந்ததுதான் 'வீ வில் ராக் யூ' என்னும் பாடல். நாடு மொழி பாராமல் விளையாட்டரங்குகளில் மக்கள் இரண்டு முறை மிதித்து ஒரு முறை தட்டுகிறார்களே, அது இதுதான்.

ஆனால் பதிவுக்கூடத்தில் இருந்தவர்கள் ஒரு சிலரே. பழைய தேவாலயம் ஒன்றில் அமைந்த கூடம் அது. பலகைகளின் மேல் மிதித்து ஓசையைப் பதிவு செய்தனர். சிலரின் ஓசையை ஆயிரம் பேரின் ஓசையாக்குவது எப்படி? அதே ஓசையைச் சற்றுச் சற்றுத் தாமதமாக்கி மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டும். அத்தாமதங்கள் ஒன்றுக்கொன்று பகா எண்களின் விகிதத்தில் இருக்குமாறு அமைத்ததாக மே விளக்கியிருக்கிறார்.

ஏன் பகா எண்கள்? எனக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டு சொல்கிறேன். தாமதங்கள் 4, 8, 12 என்னும் அலகுகளில் இருப்பதாகக் கொள்வோம். எல்லாம் நான்கின் மடங்குகள். ஆகவே ஓசைகள் ஒழுங்கான இடைவெளியில் வந்து விழும். காது அதை எதிரொலி என்று கண்டுகொள்ளும். மூன்றின் மீச்சிறு பொது மடங்கும் 24-தான். தாமதங்களை 5, 7, 11 என்று வைத்தால் பொதுக்காரணி எதுவும் இல்லை. மீச்சிறு பொது மடங்கு 385. ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காய் வந்து படியா. காதுக்கு அது எதிரொலியாகத் தோன்றாது. பெருங்கூட்டம் ஒன்று ஏறத்தாழ ஒரே நேரத்தில் மிதிப்பது போலவே தோன்றும்.

மீச்சிறு பொது மடங்கை நான் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் என்பதற்கு மேல் அதனால் யாதொரு பயனும் இருப்பதாக எண்ணியதில்லை. ஒருவர் அதைக் கொண்டு கூட்டத்தையே உண்டாக்கினார் என்று படித்தபோது, நான் தவறிய அதே கணிதப் புத்தகத்தை மீண்டும் கையில் எடுத்தேன். இது கதைக்காகச் சொல்வதன்று.

ஐயம் என்னும் நோய்

வெற்றி பெற்றோரின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். முடிவு நமக்கு முன்னமே தெரிந்திருப்பதால், அவர்களுக்கும் அது தெரிந்திருந்ததாக நினைத்துக்கொள்கிறோம். பிரையன் மேக்கு அப்படி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

1974-இல் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது அவருக்கு மஞ்சட்காமாலை கண்டது. பயணம் பாதியில் நின்றது. தேறி வந்து அடுத்த இசைத்தட்டிற்கான வேலையைத் தொடங்கும்போது குடற்புண் வந்து மருத்துவமனையில் கிடந்தார். தாம் இல்லாமலே வேலை நடக்கிறது, தம் இடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்வார்களோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. நண்பர்களோ, அவர் கித்தார் வரவேண்டிய இடங்களையெல்லாம் வெற்றிடமாக விட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவர் வந்து நிரப்பினார். அந்த 1974-ஆம் ஆண்டில்தான் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஏறத்தாழ எழுதி முடித்த நிலையில் இருந்த முனைவர் பட்ட ஆய்வேட்டை அவர் கிடப்பில் போட்டுவிட்டு இசையின் பக்கம் முழுமையாகச் சென்றார்.

தந்தைக்கு அது பெருந்துயரமாயிற்று. கித்தாரைச் செய்யத் தம் கையால் உதவிய தந்தைதான், அதே கித்தாருக்காக மகன் படிப்பை விட்டதைப் பொறுக்க முடியாமல் தவித்தவர். பிற்காலத்தில் குழு நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வாசித்தபோது பெற்றோரை அங்கே வரவழைத்தார் மே. நிகழ்ச்சியைக் கண்ட பிறகே, மகன் ஏன் அப்படிச் செய்தான் என்பது தமக்கு இப்போது விளங்குகிறது என்று தந்தை கூறினாராம். அந்த ஒரு சொல்லுக்கு மகன் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புகழ் வந்தபின் ஐயம் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1988-இல் தந்தை இறந்தார். திருமண வாழ்வு முறிந்தது. நண்பர் மெர்குரி கொடிய நோயில் வீழ்ந்தார். அந்நாட்களில் தாம் ஆழ்ந்த மனச்சோர்வில் மூழ்கி, வாழவே விருப்பமின்றி இருந்ததையும், பின்னர் மருத்துவ உதவியை நாடியதையும் அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். உலகம் முழுதும் கைதட்டிய மனிதர் அவர். கைதட்டல் மனச்சோர்வுக்கு மருந்தாகவில்லை. உதவி கேட்பது இழிவன்று என்பதை நாம் இதனால் அறிய வேண்டும். விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே கிடக்கும் நண்பர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். நானும் அவ்வாறு கிடந்தவன்.

மற்றுமோர் நிகழ்ச்சி. மெர்குரி நோயால் மெலிந்திருந்த காலத்தில் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' என்னும் பாடலைப் பெரும்பாலும் மே எழுதினார். அதன் உச்சத்தாயியை அந்நிலையில் மெர்குரியால் எட்ட முடியுமா என்று அவருக்கே ஐயம். மெர்குரி பாடினார். குறையின்றிப் பாடினார். அப்பாடல் 1991-இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் மெர்குரி மறைந்தார். நமக்கு நாமே வகுத்துக்கொள்ளும் எல்லையும், பிறருக்கு நாம் வகுக்கும் எல்லையும் எப்போதும் சரியாய் இருப்பதில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்

இனி, அவர் விட்டுச் சென்ற ஆராய்ச்சிக்கு வருவோம். ஞாயிறு மறைந்து இருள் சூழ்ந்தபின் மேற்கு அடிவானத்திலும், விடியலுக்கு முன் கிழக்கிலும், இருண்ட தெளிந்த வானத்தில் முக்கோண வடிவில் மங்கலான ஒளி ஒன்று தெரியும். இதற்கு இராசிமண்டல ஒளி என்று பெயர். கோள்களுக்கிடையே பரவிக் கிடக்கும் நுண்ணிய தூசி ஞாயிற்றின் ஒளியைச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். நகரத்து விளக்கொளியில் இதைக் காண இயலாது. எங்கள் ஊரின் ஏரிக்கரையில் நின்றால் காணலாமோ என்று நான் எண்ணுவதுண்டு.

அந்தத் தூசி எந்தத் திசையில், எவ்வளவு விரைவில் செல்கிறது என்பதுதான் மேயின் ஆய்வு. 1971, 1972-ஆம் ஆண்டுகளில் கானரித் தீவுகளுள் ஒன்றான டெனெரீபில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள வானாய்வு நிலையத்தில் அவர் இரவுகளைக் கழித்தார். நாம் பாடத்தில் படிக்கும் பேப்ரி-பெரோ குறுக்கீட்டுமானியே அவர் கருவி. ஞாயிற்றொளியில் மக்னீசியம் உண்டாக்கும் 5184 ஆங்ஸ்ட்ராம் அருகிலுள்ள கருவரியைத் தூசியின் ஒளியில் பார்த்து, அது டாப்ளர் விளைவால் எவ்வளவு விலகியுள்ளது என்று அளந்தார். வினாடிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் செல்லும் பொருளுக்கு அந்த விலகல் அரை ஆங்ஸ்ட்ராம் அளவே. அவ்வளவு நுண்மையான வேலை.

அவ்வேலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்தது. வானியல் அறிஞர் பாட்ரிக் மூர் போன்ற நண்பர்கள் முடிக்குமாறு தூண்டினர். 2006-இல் மே மீண்டும் இம்பீரியல் கல்லூரியில் பதிவு செய்துகொண்டார். பேராசிரியர் மைக்கேல் ரோவன்-ராபின்சன் அவருக்கு வழிகாட்டியானார். இடைப்பட்ட ஆண்டுகளில் அத்துறையில் பிறர் செய்தவற்றையெல்லாம் படித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் நற்பேறு, அத்துறையில் அதிகம் பேர் ஈடுபடாததால் பழைய அளவீடுகள் பயனற்றுப் போகவில்லை. மற்றப் பணிகளை ஒதுக்கிவைத்து உழைத்து, 2007 ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வில் வென்றார். அப்போது அவருக்கு வயது 60.

புகழும் செல்வமும் உடையவர்க்கு மதிப்புறு பட்டம் எளிதில் கிடைக்கும். ஆயினும் விட்ட இடத்திற்கே திரும்பிச் சென்று, மாணவர் நாற்காலியில் அமர்ந்து, தேர்வாளர் கேட்ட கேள்விக்கு விடையளித்துப் பெறுவதையே அவர் விரும்பினார். இதைப் படித்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் ஒருவர் திரும்பி வரலாம் என்றால், நான் ஒரு பாடத்தில் ஒருமுறை தவறியதற்காகத் திருப்பூர்ப் பேருந்தைத் தேடுவது என்ன நியாயம்?

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு இருந்தவை நமக்கு இல்லை. அவர் தந்தை மின்சுற்று வரையத் தெரிந்தவர். அவர் படித்தது நல்ல பள்ளி, பெயர் பெற்ற கல்லூரி. அவர் திரும்பி வந்தபோது சோற்றுக் கவலை இல்லை. நமக்கு விட்டுச் சென்றால் மீண்டும் வாசற்படி மிதிக்க வழியிருக்குமா என்பது தெரியாது. ஆகவே, 'அவரால் முடிந்தது, நம்மாலும் முடியும்' என்று மேடைப்பேச்சாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு காரியம் பாதியில் நின்றதனாலேயே அது பொய்யாகிவிடாது என்று மட்டுமே சொல்வேன்.

நன்றி

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் அதைப் பேச்சுப் போட்டியில் முழங்குவதோடு நிறுத்திக்கொள்கிறோம். மேயின் வாழ்வில் நன்றி செயலாக நின்றிருப்பதைக் காண்கிறேன்.

மெர்குரியை இழந்த குழுவினர் 1992 ஏப்ரல் 20-ஆம் நாள் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் அவர் நினைவாகப் பெருநிகழ்ச்சி நடத்தினர். அவர் உயிரைப் பறித்த எய்ட்ஸ் நோயை எதிர்ப்பதற்கென்றே மெர்குரி பீனிக்ஸ் அறக்கட்டளையை நிறுவினர். தந்தைக்கு நன்றி எவ்வாறு? எத்தனையோ விலையுயர்ந்த கித்தார்களை வாங்கும் வசதி வந்த பின்னும், தந்தையோடு சேர்ந்து செய்ததையே கையில் ஏந்தி மேடையேறுகிறார். 1998-இல் அது பழுதுற்றிருந்தபோது புதியதைத் தேடாமல் அதையே செப்பனிட்டுக்கொண்டார். 2002-இல் இங்கிலாந்து அரசியின் ஐம்பதாண்டு விழாவில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தபோதும் கையில் இருந்தது அதே கணப்பு மரந்தான்.

1975-இல் அவர் எழுதிய "'39" என்னும் பாடலையும் இங்கே குறிப்பிட வேண்டும். விண்கலத்தில் புதிய உலகம் தேடிச் சென்றவர்கள் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு ஓராண்டே கழிந்திருக்கிறது. புவியிலோ நூறாண்டுகள் ஓடிவிட்டன. விட்டுச் சென்றவர் எவரும் இல்லை. ஐன்ஸ்டீனின் கால நீட்சியே இதன் அடிப்படை. ஓராண்டு நூறாண்டாக வேண்டுமெனில் கலம் ஒளியின் விரைவில் 0.99995 பங்கு விரைவில் செல்ல வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இசையுலகில் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது தமக்கு ஏற்பட்ட உணர்வும் அப்பாடலில் கலந்திருப்பதாக மே கூறியுள்ளார்.

விடுதியிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான். எனக்கு ஒரு பருவம் கழிந்திருக்கும். அப்பாவின் தலையில் அதைவிட அதிகமாய் நரை ஏறியிருக்கும். இதற்கு ஒளியின் விரைவு தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்தின் விரைவே போதுமாயிருந்தது.

முடிவுரை

கணிதத்தில் தவறியதை நான் வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். பொங்கல் விடுமுறையில், கித்தார் மரத்தைப் பற்றிப் பேசிய அதே மாலையில், கடைசியில் அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கோபமா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு, "மறுக்கா எழுதலாமா?" என்று கேட்டார்.

"எழுதலாங்கப்பா."

"அதுக்குப் பணம் எவ்வளவு கட்டோணும்?"

சொன்னேன். உளிப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மரத்தூள் ஒட்டியிருந்த தாள்கள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இழைப்புளியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து இழைக்கத் தொடங்கினார்.

தம் மகன் எந்த இயலைப் படிக்கிறான் என்பது அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. "சயின்சு படிக்கிறான்" என்பார், அவ்வளவுதான். ஆனால் என் படிப்பில் அவர் கைவேலை இருக்கிறது. அக்கணப்பு மரத்தில் ஹரால்டு மேயின் கைவேலை இருப்பதைப் போல.

அத்தேர்வை நான் மீண்டும் எழுதியிருக்கிறேன். இக்கட்டுரையை ஆசிரியர் குழுவிடம் கொடுக்கும் இந்நாள் வரை முடிவு வரவில்லை. இம்மலர் உங்கள் கைகளில் தவழும்போது வந்திருக்கும். தேறியிருந்தால் மகிழ்வேன். தேறாவிடில் மீண்டும் எழுதுவேன். இரண்டில் எதுவாயினும், வரும் விடுமுறையில் நிலவில்லாத ஓர் இரவில், எங்கள் ஏரிக்கரையில் விடியலுக்கு முன் கிழக்கு நோக்கி நிற்பதென்று முடிவு செய்துள்ளேன். அப்பாவையும் அழைத்துச் செல்வேன். அந்த முக்கோண ஒளி தென்பட்டால், அது என்னவென்று அவருக்கு விளக்கிச் சொல்லும் அளவிற்கு நான் படித்திருக்கிறேன்.

கரும்பலகையில் ஒரு கம்பியை வரைந்து, ஒரு வரியில் இதையெல்லாம் தொடங்கிவைத்த என் பேராசிரியருக்கு இக்கட்டுரை காணிக்கை. பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.